ஏசிஎல் கிழிந்தது முதல் திரும்ப இறங்கியது வரை

யாரும் என்னை இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லோரும் "எவ அடிச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

2023 மே மாதக் கடைசி. அகமதாபாத்தில் இந்திய மகளிர் லீக் கால்பந்து முடிந்து ஊருக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கடலூர் பக்கம் எங்கள் ஊர் ஹைஸ்கூல் கிரவுண்டில் சாயங்காலம் பசங்களோடு சும்மா ஒரு மேட்ச். வலது விங்கில், கிரவுண்டின் வலது ஓரத்தில், பந்தை வாங்கினேன். உள்பக்கம் வெட்டித் திரும்ப வலது காலை ஊன்றினேன். பூட்ஸுக்கு அடியில் இருக்கும் ஸ்டட் மண்ணில் பிடித்துக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, முட்டி மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டது. 'டப்' என்று ஒரு சத்தம். கோலில் நின்ற பையனுக்கே கேட்டதாம்.

வலி ரெண்டு நிமிஷம்தான். எழுந்து நடந்தேன், சைக்கிளில் ஏறி வீட்டுக்கும் போனேன். ராத்திரிக்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சினாள். அப்பா "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும், வா" என்றார். புத்தூர் கட்டை நான் குறை சொல்லவில்லை. அது எலும்புக்கு, எனக்குக் கிழிந்திருந்தது முட்டிக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நாண், ஏசிஎல் என்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ரெண்டு வாரம் கட்டோடு கிடந்தேன். வீக்கம் வடிந்தது, நடை வந்தது, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி கழன்று போய்த் திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. நாணில்லாத முட்டிக்கு இதுதான் அடையாளம்: நேராக நடக்கவிடும், திரும்பும்போது கைவிட்டுவிடும்.

டாக்டர் ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுத்தார். இடது கால் ஒரு இடத்தில் 'டக்' என்று நின்றது. வலது கால் நிற்கவே இல்லை, இழுத்த பக்கமெல்லாம் வந்தது. "ஏசிஎல் போச்சும்மா" என்றார். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் முழுசாகக் கிழிந்திருக்கிறது என்றது. அதே வாரம்தான் அமிர்தசரஸில் தமிழ்நாடு ஹரியானாவை 2-1 என்று வென்று சீனியர் மகளிர் தேசியக் கோப்பையை எடுத்தது. எனக்குத் தெரிந்த அக்காக்கள் கோப்பையோடு நிற்கிற போட்டோ ஒரு பக்கம், என் ஸ்கேன் படம் ஒரு பக்கம், ரெண்டும் அடுத்தடுத்து போனில் இருந்தன.

இப்போது காசு. எனக்கு இருந்தது கடைசி மேட்ச் வரைக்குமான ஒப்பந்தம். அப்போது லீக் என்றால் எல்லாரையும் ஒரே ஊரில் கூட்டி ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்கள். 16 அணிகள் ஆடிய அந்த சீசனும் அப்படித்தான். கிளப்புக்கு போன் செய்தேன். "சீசன் முடிஞ்சு ஊர்ல ஆடுனதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?" என்றார்கள். எழுத்துப்படி அவர்கள் சொன்னது சரிதான். அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வந்தது. 2023இல்தான் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது: அடுத்த சீசனிலிருந்து லீக்கில் ஆடும் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரர்களுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் கொடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அந்த அடுத்த சீசன்தான் நான் கட்டிலில் கழித்தது.

தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகையைக் கேட்டு அப்பா பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். கடைசியில் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் செய்துகொண்டேன். உடனே செய்யவில்லை. வீங்கி விறைத்த முட்டியில் ஆபரேஷன் செய்தால் அப்புறம் நீட்ட வராது, முதலில் காலை முழுசாக நீட்டி மடக்கிக் காட்டு என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் உடற்பயிற்சி. ஆபரேஷனுக்கு ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று அன்று திட்டினேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் ஆபரேஷன். கிழிந்த நாணைப் பெரும்பாலும் தைக்க மாட்டார்கள். தொடைக்குப் பின்னால் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைநாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்து, எலும்பில் துளை போட்டு, புது நாணாகப் பொருத்துவார்கள். மறுநாள் காலை பிசியோ வந்து "காலைத் தூக்கு" என்றார். தூக்கினேன். தூக்கினேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் பாயிலேயே கிடந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பந்தை உதைத்த கால். தொடைத் தசை தூங்கிப் போயிருக்கிறது என்றார். முட்டிக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, அதை அமுக்கச் சொன்னார். அமுக்கு, அஞ்சு எண்ணு, விடு. மூணாம் நாள்தான் தொடையில் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பாட்டி கை தட்டினார்.

அந்த ஆகஸ்ட் 20ஆம் தேதி மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முட்டியில் ஐஸ் பையோடு போனில் பார்த்தேன். இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட் ரெண்டு பேரும் அந்தத் தொடரிலேயே இல்லை, ரெண்டு பேருக்கும் ஏசிஎல். நெதர்லாந்தின் மியெதெமாவுக்கும் அதே கதை. ஸ்பெயினின் அலெக்ஸியா புத்தேயாஸுக்கு 2022 ஜூலையில் கிழிந்தது. அவர் அன்றைக்குக் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஸ்பெயின் 1-0. எல்லாரும் கோல் போட்ட ஒல்கா கர்மோனாவைப் பற்றிப் பேசினார்கள், நான் புத்தேயாஸ் எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு ஏன் இது அதிகம் வருகிறது என்று பிசியோ அக்காவிடம் கேட்டேன். இடுப்பு அமைப்பு, ஹார்மோன், தசைப் பயிற்சி கிடைக்காதது, தரை, பூட்ஸ் என்று அடுக்கினார். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. பூட்ஸ் விஷயம் எனக்கு உறைத்தது. கடையில் பெண்களுக்கென்று நான் பார்த்ததே இல்லை. பையன்கள் அளவில் ஒன்றை வாங்கி ரெண்டு சாக்ஸ் போட்டு ஆடியவள் நான்.

வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் பிடித்து பாண்டிக்கு, பிசியோ அக்காவிடம். மற்ற நாள் வீட்டுத் திண்ணை. குதிகாலை இழுத்து மடக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, படியேறி இறங்குவது. இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவு சலிப்பு.

ஆபத்து வந்தது சலிப்பில் இல்லை, வலி போனபோதுதான். மூணு மாதத்தில் எனக்கு வலியே இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் புது நாண் உள்ளே இன்னும் பலப்பட்டிருக்காது. உடம்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வேலை அப்போதுதான் நடக்கும். வலி போன தைரியத்தில் 2024 பொங்கலுக்கு ஊரில் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டிக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். ஆனால் பையில் பூட்ஸ் இருந்தது. "கோல்ல சும்மா நில்லுக்கா, ஆள் கொறையுது" என்றார்கள். நின்றேன். பாதி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துதான் மேலே வந்தது, குதித்துப் பிடித்தேன். எல்லாரும் விசில் அடித்தார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது அக்கா வழக்கம்போல டேப்பை எடுத்து முட்டியைச் சுற்றி அளந்தார். நோட்டைப் பார்த்தார். திரும்ப அளந்தார். "ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கு. என்ன பண்ண?" தையல்காரர் மாதிரி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். 2016இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்: ஒன்பதாவது மாதம் வரைக்கும், திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடப் போட, மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்ததாம். "உனக்கு இப்ப அஞ்சு மாசம். கணக்கு நீயே போட்டுக்க" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த சீசன் லீக்கில் ஏழு அணிகள், முதல்முறையாகச் சொந்த ஊர், வெளியூர் என்று ஆடினார்கள். ஒடிசா கோப்பையை எடுத்தது. நான் யூடியூபில் பார்த்தேன், எல்லாம் பார்க்கவில்லை.

2024 மே, ஒன்பது மாதம். நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். சோதனை எளிதுதான்: ஒற்றைக் காலில் நின்று, தாவி, அதே காலில் இறங்கி நிற்க வேண்டும். ரெண்டு காலின் தூரத்தையும் ஒப்பிடுவார்கள். அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதமாவது வர வேண்டும். எனக்கு வந்தது 82. தாவும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் முட்டி உள்பக்கம் சரிந்தது. அக்கா போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். கிரவுண்டில் என்னைக் கவிழ்த்த அதே சரிவு. அப்பா வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு நின்றிருந்தார். பஸ்ஸில் வரும்போது நாங்கள் ரெண்டு பேருமே அதைத் தின்று தீர்த்தோம், ஒன்றும் பேசவில்லை.

இன்னும் ரெண்டு மாதம். அந்த ரெண்டு மாதம்தான் நான் உண்மையாக உழைத்தது என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணாடி முன்னால் ஸ்டூலிலிருந்து குதித்துக் குதித்து, முட்டி கால் விரலுக்கு நேராக இறங்குகிறதா என்று பார்த்தேன். ஃபிஃபாவின் 11+ என்று ஒரு இருபது நிமிட வார்ம்-அப் இருக்கிறது. ஓட்டம், தசை வலு, குதித்து இறங்குதல் எல்லாம் சேர்ந்தது. இலவசம், ஒரு பந்தும் தரையும் போதும். பதிமூணு வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஜூலையில் 93 வந்தது.

வேறு ஒரு கிளப்பில் சேர்ந்தேன். கையெழுத்துப் போடும் முன் சீசனுக்கு வெளியே அடிபட்டால் யார் பார்ப்பது என்று கேட்டேன். அங்கிருந்தவர் கொஞ்சம் முழித்தார், அப்புறம் ஒரு வரி சேர்த்தார். 2025 ஜனவரியில் லீக் தொடங்கியது. ரெண்டாவது பாதியில் இறங்கினேன். முதல் பந்து வலது விங்கில்தான் வந்தது. வெட்டித் திரும்பவில்லை, பின்னால் தட்டிவிட்டேன். ரெண்டாவது பந்தும் அப்படியே. மூணாவதை வாங்கும்போது டிஃபெண்டர் நெருங்கிவிட்டாள், யோசிக்க நேரமில்லை, கால் தானாக ஊன்றித் திரும்பியது. கிராஸ் யாருக்கும் போகாமல் வெளியே போனது. பெஞ்சிலிருந்து யாரோ திட்டினார்கள்.

வடுவுக்கு வெளிப்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடம் இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது, தொட்டால் வேறு யாரோ காலைத் தொட்ட மாதிரி இருக்கும். லேஸ் கட்டக் குனியும்போது இடது முட்டியைத்தான் தரையில் ஊன்றுகிறேன்.