பழைய பிக்கப்பின் பெட்ரோல் டேங்க்: கழுவுவதா, மாற்றுவதா?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டால் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. மேடு ஏறும்போதோ வேகம் பிடிக்கும்போதோ திணறி நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. பழைய பிக்கப்பில் இப்படி நடந்தால் கார்புரேட்டரையோ பம்பையோ கழற்றுவதற்கு முன் டேங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே கிடக்கும் துருத்தூள், பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் அடிமுனை வலையில் அப்பிக்கொண்டு வழியை அடைக்கிறது. எஞ்சின் நின்று இழுப்பு போனதும் தூள் உதிர்ந்து அடியில் படிந்துவிடும். அடுத்த முறை பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போது மறுபடி அப்பும்.

உறுதி செய்ய, ஃபில்டரைக் கழற்றி உள்ளே இருப்பதை நுழைவாய்ப் பக்கமாக ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் துரு. பிசுபிசுப்பான பழுப்புப் பிசினும் பெயின்ட் போன்ற நெடியும் இருந்தால் மாதக்கணக்கில் கிடந்து கெட்ட பெட்ரோல். டீசல் வண்டியில் கறுப்புச் சளி போல வந்தால், டீசலுக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. மென்மையான கறுப்புத் துணுக்குகள் என்றால் ரப்பர் ஹோஸ் உட்புறம் கரைந்து உதிர்கிறது. டேங்கை எத்தனை முறை கழுவினாலும் அது தீராது.

துரு அடியில்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல நேரம் மேல் தகடுதான் முதலில் போகும். டேங்க் பாதி காலியாக நிற்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் மேல் தகட்டில் வியர்த்து நிற்கிறது. அந்த இடத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. வெளிப்புறத்திலோ, சரக்குப் பெட்டிக்கும் டேங்குக்கும் இடையில் சேரும் சேறும், டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டையான ஸ்ட்ராப்புக்கு அடியில் உள்ள மெத்தைப் பட்டையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் முழுக்க நிரப்பும்போது மட்டும் பெட்ரோல் வாடை வந்து, பாதியானதும் நின்றுவிட்டால், மேல் தகட்டில் ஊசித்துளை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுவுவதா மாற்றுவதா என்பதை டேங்கை இறக்கி உள்ளே பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தகடு திடமாக இருந்து மேலோட்டமான துருவும் பிசினும் மட்டும் என்றால் கழுவலாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்ளே போனாலோ, இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் துரு உப்பியிருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். புது டேங்க் கிடைக்கும் வண்டிக்கு, உள்ளே பூசும் சீலரை நம்பிப் பழைய டேங்கை ஓட்டுவது என் பார்வையில் வீண் வேலை. பூசும் முன் தகட்டைத் தயார்செய்வதில் சிறு குறை இருந்தாலும் அந்தப் பூச்சு சில வருடங்களில் தோல் தோலாக உரிந்து குழாயை அடைக்கும். உரிந்த பூச்சை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். எங்கு தேடியும் டேங்க் கிடைக்காத வண்டிக்கு மட்டும் சீலரைப் பயன்படுத்துங்கள். அப்போதும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி ஆபத்து. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரமானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். வடித்த டேங்கில் அந்தக் கலவை எளிதாக அமைந்துவிடும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே சர்வீஸ் பள்ளத்துக்கு மேல் இந்த வேலை வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இழை பல்பு போட்ட கைவிளக்கு கூடவே கூடாது. உடைந்தால் அதுவே தீக்குச்சி. வாக்குவம் கிளீனரும் அப்படியே. கழுவாத டேங்கில் வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும்) வண்டியானால், பேட்டரியைக் கழற்றும் முன் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு கைப்பம்பால் வடியுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 20 லிட்டர் மிச்சம் இருந்தாலே 15 கிலோ ஜாக்கியின் மேல் பக்கவாட்டில் தளும்பி ஆடும், அதனால் கூடியவரை காலியாக்குங்கள். பெட்ரோல் பிடிக்கும் கேனைத் தரையில் வையுங்கள். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேரும்.

சரக்குப் பெட்டிக்கு அடியில் டேங்க் இருக்கும் பிக்கப்பில் கீழே படுத்து மல்லுக்கட்டுவதைவிடப் பெட்டியையே தூக்குவது பெரும்பாலும் சுலபம். ஆறு அல்லது எட்டு போல்ட், பின்விளக்கு கனெக்டர், எர்த் ஒயர், பெட்ரோல் ஊற்றும் மூடிப்பக்கம் உள்ள சில ஸ்க்ரூக்கள், அவ்வளவுதான். நான்கு பேர் பிடித்தால் எழும்பும். ஹோஸ்கள், பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவைக் கருவியான ஃப்ளோட் யூனிட், மேல் தகடு எல்லாம் கண்ணுக்கு நேரே வந்துவிடும். போல்ட்கள் துருவேறி அசையாமல் நின்றால் கீழ்வழிதான். டேங்குக்கு அடியில் பிளைவுட் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். ஸ்ட்ராப் போல்ட்களுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். என்ன செய்தாலும் சில முறியும், எனவே ஸ்ட்ராப் ஜோடியைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஒரு சாண் இறக்கியதும் நிறுத்தி, சப்ளை, ரிட்டர்ன், காற்று ஹோஸ் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

ஃப்ளோட் யூனிட்டின் லாக் ரிங்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ரிங்கை இரும்பு உளியால் தட்டினால் பொறி வரும். பித்தளைக் கம்பியோ கெட்டி மரத்துண்டோ போதும். யூனிட்டை வெளியே எடுத்ததும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, மாற்றுங்கள். மல்டிமீட்டரை வைத்து ஃப்ளோட்டைத் தாங்கும் கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கும்போது ஓம் அளவு எங்கும் குதிக்காமல் சீராக மாற வேண்டும். பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகள் பலவற்றில் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. ஒன்றின் யூனிட்டை மற்றொன்றில் மாட்டினால் முள் தலைகீழாகக் காட்டும்.

கழுவும்போது முதல் சுற்று சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும். வாடை போகும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிசினும் எண்ணெய்ப் பசையும் போகாமல் அமிலம் துருவைத் தொடாது. பிறகு ஒன்றரை மீட்டர் மெல்லிய சங்கிலியைத் தண்ணீரோடு உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் உருட்டிக் குலுக்குங்கள். சிலர் நட்டும் ஸ்க்ரூவும் போடுவார்கள், அவை உள்தடுப்புத் தகடுகளின் பின்னால் சிக்கி வெளியே வராது. சங்கிலி ஒரே துண்டாக வந்துவிடும்.

துருவுக்கு சிட்ரிக் அமிலம் போதும், லிட்டருக்கு 50 கிராம். 60 லிட்டர் டேங்குக்கு 3 கிலோ ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கழுத்துவரை நிரப்புங்கள். மேல் தகடு மூழ்காவிட்டால் செய்த வேலைக்குப் பலனில்லை. துளைகளை இறுக மூடிவிடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தேவையானால் இன்னொரு நாள். மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் மின்பகுப்பு முறை திறந்த பாகங்களுக்கு அருமையானது. தடுப்புத் தகடுகள் உள்ள டேங்கில் மறைவான மூலைகளை அது எட்டாது, ஹைட்ரஜனும் கிளம்பும். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் தின்றுவிடும், தவிர்த்துவிடுங்கள்.

அமிலத்தைக் கொட்டிய அடுத்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலானவர்களின் உழைப்பு கெடுகிறது. சுத்தமான ஈர இரும்பு கண்ணெதிரே ஆரஞ்சு நிறமாக மாறும். எனவே சமையல் சோடா கலந்த தண்ணீர், ஒரு முறை நல்ல தண்ணீர், உடனே ஒன்றிரண்டு லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று வரிசையாக, காயவிடாமல் செய்ய வேண்டும். ஆல்கஹால் மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். அதுவும் தீப்பற்றும் பொருள்தான். சூடான பிளோயரை நுழைக்காமல் கம்ப்ரஸர் காற்றும் வெயிலும் கொண்டு உலர்த்துங்கள். உலர்ந்ததும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த அரை லிட்டர் பெட்ரோலை உள்ளே சுற்றவிட்டு வடித்துவிடுங்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. பழைய டேங்குகள் பலவற்றின் உட்பூச்சு ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. கெட்ட பெட்ரோலையும் இந்தத் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

புது டேங்க் வாங்கினால், பழையதைப் பக்கத்தில் வைத்து மூடிக்குழாயின் கோணம், காற்றுக்குழாய்களின் எண்ணிக்கை, ரிட்டர்ன் முனை இருக்கிறதா, ஆழம் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஆழம் மாறினால் ஃப்ளோட் அளவும் உறிஞ்சும் வலையும் பிசகும். தொழிற்சாலை எண்ணெயும் உலோகத் துகளும் உள்ளே இருக்கும், ஒரு முறை அலசுங்கள். மேல் பக்கத்துக்கு சேஸிஸ் பெயின்ட் அடித்துவிட்டு மாட்டுங்கள். பெயின்ட் அடித்த டேங்கில் ஃப்ளோட் யூனிட்டின் எர்த் ஒயரைச் சேஸிஸில் சுத்தமான உலோகத்தோடு சேர்க்காவிட்டால் மீட்டர் தவறாகவே காட்டும்.

ஹோஸ் எல்லாம் புதிது. ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்ஏஇ தரக் குறியீட்டைப் பாருங்கள்: கார்புரேட்டருக்கு 30ஆர்7 போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் சிறு துண்டுக்கு மட்டும் 30ஆர்10. மற்றவற்றின் வெளித்தோல் மூழ்கி இருக்கத் தயாரானதல்ல, ஊறிக் கரைந்து மறுபடி அதே கறுப்புத் துணுக்குகள் வரும். மூடியின் காற்றுத்துளையையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, துரு இல்லாமலே அதே திணறல் வரும்.

ஸ்ட்ராப்பை முழுக்க முறுக்குவதற்கு முன் மூடிக்குழாய் ஹோஸை மாட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது. முதலில் 10 லிட்டர் ஊற்றி இணைப்புகளைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகு முழுக்க நிரப்பி மேல் தகட்டையும் ஃப்ளோட் யூனிட் கேஸ்கெட்டையும் சோதியுங்கள். மாட்டும்போதே எஞ்சின்வரை உள்ள இரும்புக் குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்து புது ஃபில்டர் போட்டிருக்க வேண்டும். அந்த ஃபில்டரையும் சுமார் 100 கிலோமீட்டரில் கழற்றி வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். கொஞ்சம் தூள் வருவது இயல்பு, ஃபில்டரை மாற்றிவிட்டு இன்னொரு 500 கிலோமீட்டர் ஓட்டலாம். அப்போதும் அதே அளவு வந்தால் டேங்க் மறுபடி இறங்க வேண்டும்.