தாலியம்-201: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

தாலியம்-201 என்ற கதிரியக்க உலோகம் வந்துவிட்டது. அரை ஆயுள் 73 மணி நேரம். வியாழனுக்குள் பாதி போய்விடும். இதய ரத்த ஓட்டத்தைப் படமெடுக்க 1970களிலிருந்து மருத்துவமனைகளில் செலுத்தும் அதே தாலியம் குளோரைடுதான். +1 நிலையில் (ஒரு எலக்ட்ரானை இழந்த நிலையில்) தாலியம் பொட்டாசியம் போல நடந்துகொள்வதால் இதயத்தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எனக்கு அது புற்றுசெல்லுக்குள் போக வேண்டும். ஒரு சிதைவுக்குச் சராசரியாக 37 ஓஜே (Auger) எலக்ட்ரான்கள், அணு சிதையும்போது வெளிவரும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள், எல்லாம் மிகக் குறுகிய தூரத்திலேயே ஆற்றலைக் கொட்டுபவை. அங்கே கொண்டுபோக அதை ஒரு கொடுக்கிணைப்பியில், அதாவது உலோக அயனியைப் பல கைகளால் பிடிக்கும் மூலக்கூறில், மாட்ட வேண்டும். ஆனால் +1 தாலியத்தைக் கொடுக்கிணைப்பிகள் இறுகப் பிடிப்பதில்லை. முதலில் ஆக்சிஜனேற்றி ஒன்றால் இன்னும் இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்து +3 ஆக்க வேண்டும்.

மார்ச் 4

முதல் யோசனை ஓசோன். +1 தாலியத்தை +3 ஆக்க 1.25 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். அமிலத்தில் ஓசோனுக்கு 2.07 வோல்ட். தாராளம். வேலை முடிந்ததும் நைட்ரஜன் விட்டு மிச்ச வாயுவை வெளியேற்றலாம், கரைசலில் உப்பு சேராது. இருந்தாலும் கதிரியக்கக் கரைசலுக்குள் வாயுவைக் குமிழிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. துளி தெறித்தால் குழாய் முழுக்க மாசு.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் திரும்பத் திரும்ப வற்றவைக்கும் முறையும் உண்டு. சூடு, நேரம், கைக்குக் கதிர்வீச்சு. வேண்டாம்.

மார்ச் 5

ஐயோடோஜென்! புரதங்களில் அயோடின் ஏற்ற 1978-இல் வந்த பொருள். நீரில் கரையாது, குழாயின் உட்சுவரில் படலமாக உலர்த்தி, அமிலத்தில் கலந்த தாலியத்தை ஊற்றினால் போதும். அறை வெப்பநிலையே போதுமானது. கரைசலை உறிஞ்சி எடுத்தவுடன் ஆக்சிஜனேற்றியும் பின்னால் நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் முக்கியம்: மிச்ச ஆக்சிஜனேற்றி, தாலியத்தைப் புற்றுசெல்லுக்குக் கொண்டுபோகும் பெப்டைடிலுள்ள (சிறு புரதத் துண்டிலுள்ள) மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கெடுத்துவிடும். வலிமையில் ஓசோன் பெரிது, ஆனால் நான் இதைத்தான் தேர்வேன்.

சோதிக்க ஈதரோடு குலுக்கினோம். +3 தாலியம் குளோரைடு அணைவாக ஈதருக்குப் போகும், +1 நீரிலேயே தங்கும். பெரும்பகுதி ஈதரில்! குளோரைடு குறைந்தால் +3 தாலியம் ஹைட்ராக்சைடாக மாறிப் படிந்துவிடும். அதனால் அமிலத்தன்மையைக் குறைக்கும்போது அசிட்டேட்டை மெதுவாகச் சேர்த்தோம்.

மார்ச் 7

டிடிபிஏ (DTPA) என்ற கொடுக்கிணைப்பி +3 தாலியத்தை நன்றாகவே பிடித்தது. அப்புறம் மனித ரத்த சீரத்தில் வைத்தோம். தாலியம் கழன்று, ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று) மறுபடி +1.

இனி ஆக்சிஜனேற்றியில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. அடுத்த வாரம் கூடுதல் நைட்ரஜன், ஆக்சிஜன் கைகளுள்ள பெரிய கொடுக்கிணைப்பி ஒன்றை எடுக்கிறோம். அதே ஐயோடோஜென் குழாய், அதே சீரச் சோதனை.