கம்பி எத்தனை மிமீ என்பதைத் தராசில் பாருங்கள்

வீட்டு வேலை தொடங்கியபோது இன்ஜினியர் வரைபடத்தில் 8, 10, 12, 16 மிமீ என்று இருந்தது, கம்பி கட்டுகிறவரோ மூணு நூல், நாலு நூல் என்றே பேசினார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதனால் மூணு நூல் 10 மிமீ, நாலு நூல் 12, அஞ்சு நூல் 16. (அமெரிக்காவிலும் 4-ஆம் நம்பர் கம்பி என்றால் அரை இஞ்சுதான்.) கம்பி மேல் அச்சாகியிருக்கும் 500, 550 அளவு இல்லை, இரும்பின் வலிமை.

சரி, கடையில் வந்த கம்பி நிஜமாகவே 12 தானா? வெர்னியரை (விட்டம் அளக்கும் கருவி) கம்பி மேல் புடைத்திருக்கும் வரி மேல் வைத்தால் கூடக் காட்டுகிறது, இரண்டு வரிகளுக்கு நடுவில் வைத்தால் குறைத்துக் காட்டுகிறது. ஏனென்றால் வரி போட்ட கம்பிக்கு 12 மிமீ என்பது, அதே எடையுள்ள வழவழப்பான கம்பிக்கு இருக்கும் விட்டம், அதனால் எடைதான் அளவு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும்: 8-க்கு 395 கிராம், 12-க்கு 888.

ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் வெட்டி மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 12 மிமீ 861 கிராம், பரவாயில்லை, ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரக்கட்டுப்பாடு 12 மிமீ லாட்டுக்கு (ஒரே தொகுதியாக வரும் கம்பிகளுக்கு) 5 சதம் வரை ஏற்ற இறக்கம் விடுகிறது. ரிங்குக்கு (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்கு) வந்த 8 மிமீ 350 கிராம்தான். பத்து சதத்துக்கு மேல் குறைவு, அந்த அளவுக்கு 7 சதம்தான் அனுமதி.

இதில் பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எடை மேடையில் நிறுத்து வாங்கினால் காசு நஷ்டமில்லை, கான்கிரீட்டுக்குள் இரும்புதான் குறையும். கம்பி எண்ணிக்கையை அட்டவணை எடையால் (அந்த மிமீக்கு இருக்க வேண்டிய எடையால்) பெருக்கி பில் போட்டால் இல்லாத இரும்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். எனக்கு வந்தது இரண்டாவது ரகம். கணக்கைக் காட்டியதும் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டுகளை மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் 16 தட்டுப்பாடு வந்தபோது ஒன்றுக்கு இரண்டு 12 போடலாமா என்று கேட்டார்கள். பரப்பு கணக்கில் 16-க்கு 201 சதுர மிமீ, இரண்டு 12-க்கு 226, சரியாகத்தான் வருகிறது. ஆனால் பீமுக்குள் கம்பி நெருங்கினால் ஜல்லி இறங்காது என்று இன்ஜினியர் மறுத்துவிட்டார், 16 வரும்வரை காத்திருந்தோம்.