ரெண்டு லிட்டர் பெட்டில அக்காவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

அக்கா விழுப்புரத்துல வீட்லயே டிடிபி வேலை பாக்குறா. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், மார்ச் ஏப்ரல் வந்துட்டா காலேஜ் பசங்களோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ, அவ விரல் ஓடுற வேகத்துக்கு அந்தப் பழைய கோர் 2 டுவோ மெஷின் ஈடு கொடுக்கல. ராம் 2 ஜிபிதான், ஒரு பக்கம் அடிச்சு முடிச்சப்புறம்தான் எழுத்து ஒண்ணொண்ணா ஸ்க்ரீன்ல வரும். போன பொங்கலுக்குப் போனப்ப ராத்திரி ஒரு மணிக்கு அவ அதுக்கு முன்னாடி காத்துக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாத்துட்டேன், அதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல.

பட்ஜெட் முப்பதாயிரம் சொச்சம். லேப்டாப் வாங்கிடுடான்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா அவ ஒரே மேஜைல உக்காந்து பத்து மணி நேரம் அடிக்கிறவ, அவளுக்கு முழு கீபோர்டும் கண் உயரத்துல ஒரு மானிட்டரும் வேணும். பெரிய கேபினெட் வைக்கவும் இடம் இல்ல, அந்த மேஜைல பாதி தையல் மெஷினுக்குப் போயிடும். அதனாலதான் பேர்போன்னு முடிவு பண்ணேன். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: பேர்போன்னா கேபினெட், மதர்போர்டு, பவர் சப்ளை மூணும் சேந்து ஒரே பெட்டியா வரும், ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற வேகமான சேமிப்பு) எல்லாம் நாமதான் வாங்கிப் போடணும், விண்டோஸும் அதுல இருக்காது.

நான் எடுத்தது ஆஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300. நீளம் அகலம் 155 மி.மீ., உயரம் 80 மி.மீ., கணக்குப் போட்டா ரெண்டு லிட்டருக்கும் கம்மி, டிபன் கேரியர் எடுத்துட்டுப் போற பையில போட்டு பஸ்ல கொண்டு போயிடலாம். இன்டெல் நக் மாதிரி பெட்டிகளும் பாத்தேன், இன்னும் சின்னது, ஆனா அதுல ப்ராசஸர் போர்டோட சால்டர் பண்ணியே வரும், ஒண்ணு போனா எல்லாம் போச்சு. இதுல ஏஎம்டி ப்ராசஸரைக் கழட்டி மாட்டுற சாதாரண ஏஎம்4 சாக்கெட். நாளைக்கு ப்ராசஸர் மாத்தணும்னாலும் ராம் போனாலும் எந்த ஊர்க் கடையிலயும் வாங்கிப் போட்டுக்கலாம். சின்ன ஊர்ல கம்ப்யூட்டரை நம்பிப் பொழைக்கிறவங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பின்னாடி எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் ரெண்டோட பழைய விஜிஏ போர்ட்டும் இருக்கு. அக்காவோட மானிட்டர்ல விஜிஏ மட்டும்தான். அந்த ஒரு போர்ட்டால புது மானிட்டர் செலவு மிச்சம்.

ப்ராசஸர் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. இந்தப் பெட்டில கிராபிக்ஸ் கார்டு போட இடமே கிடையாது, அதனால பேர்ல ஜி இருக்குற ப்ராசஸர்தான் எடுக்கணும். சென்னைல கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்காரர் ஜென்4 எஸ்எஸ்டி எடுங்க சார், வேகமா இருக்கும்னார். ஜென்னுங்குறது எஸ்எஸ்டியும் ப்ராசஸரும் பேசிக்குற பாதையோட தலைமுறை, 5600ஜி ஜென்3 வரைக்கும்தான் போகும், கூடக் கொடுக்குற காசு தண்டம், அதனால 500 ஜிபில ஒரு ஜென்3 எஸ்எஸ்டியே எடுத்துக்கிட்டேன். அந்த மிச்சத்தை ராம்ல போட்டேன். இங்கதான் நிறையப் பேரு தப்பு பண்றாங்க, 16 ஜிபி ஒரே குச்சியா வாங்கிடுறாங்க. உள்ளே இருக்குற கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி இல்ல, நம்ம ராம்லேர்ந்துதான் எடுத்துக்கும், அதனால அந்த ராமுக்குப் போற ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். டிடிஆர்4 3200 ஒரு குச்சின்னா நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு குச்சின்னா 51.2. அதே 16 ஜிபிதான், ரெண்டு எட்டா வாங்குங்க. லேப்டாப்ல போடுற குட்டை ராம்தான் இதுக்கு வேணும், பழைய டெஸ்க்டாப்ல இருக்குற நீள ராமைக் கழட்டிப் போடலாம்னு நினைக்காதீங்க.

அடுத்து கூலர். இந்தப் பெட்டிக்குள்ள 46 மி.மீ. உயரம் வரைக்கும்தான் கூலர் நிக்கும். ப்ராசஸரோட இலவசமா வர்ற ஏஎம்டி கூலர் 54 மி.மீ. எட்டே மி.மீ.தான் வித்தியாசம், ஆனா மூடி மூடாது. நான் நாக்டுவா என்எச்-எல்9ஏ எடுத்தேன், 37 மி.மீ., விலை கொஞ்சம் கையைச் சுடத்தான் செஞ்சுது. ஆனா ராத்திரி வேலை பாக்குறவ, பக்கத்துல குழந்தை தூங்குது, சத்தமில்லாத ஃபேன் அவளுக்கு வேணும்.

சனிக்கிழமை ராத்திரி சைதாப்பேட்டை ரூம்ல உக்காந்து பிரிச்சேன். பின்னாடி நாலு ஸ்க்ரூ கழட்டினா மதர்போர்டு தட்டோட டிராயர் மாதிரி வெளிய வந்துடும். இந்தக் கூலருக்கு போர்டுக்கு அடியிலேர்ந்து ஸ்க்ரூ முடுக்கணும், அதனால போர்டையும் தட்டுலேர்ந்து எடுக்கணும். ப்ராசஸர் ஓரத்துல இருக்குற தங்க முக்கோணத்தையும் சாக்கெட்ல இருக்குற முக்கோணத்தையும் நேரா வெச்சா அதுவா உள்ள இறங்கும், அழுத்தவே கூடாது, ஏஎம்4ல பின் எல்லாம் ப்ராசஸர்லதான் இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் பெரிய பாடு. சூட்டைக் கூலருக்குக் கடத்துற பேஸ்ட் பட்டாணி அளவு, கூலர், ராம், எஸ்எஸ்டி, எல்லாம் போட்டு டிவியோட மாட்டி பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துது. டிவில ஒண்ணும் இல்ல.

கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு, பின் ஏதாவது வளைச்சுட்டேனோன்னு. ராம் ஒண்ண மட்டும் போட்டுப் பாத்தேன், ஸ்லாட் மாத்திப் பாத்தேன், சிமாஸ் கிளியர் பண்ணி போர்டோட செட்டிங்கை எல்லாம் பழையபடி ஆக்கினேன், வேற கேபிள் போட்டேன், ஒண்ணும் அசையல. ரெண்டு மணி வாக்குலதான் உறைச்சுது: எக்ஸ்300 வந்தது 2020ல, 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்ட்ல. நான் வாங்கினது பழைய ஸ்டாக். அந்தப் பயாஸுக்கு, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற போர்டோட சாஃப்ட்வேருக்கு, இப்படி ஒரு ப்ராசஸர் இருக்குன்னே தெரியாது. அது தயாரானப்ப இது பொறக்கவே இல்லையே, பெட்டி மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. வாங்கும்போது பயாஸ் அப்டேட் பண்ணிருக்கான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்.

இந்த போர்டுல ப்ராசஸர் இல்லாம பயாஸ் ஏத்துற வசதியும் கிடையாது, அதுக்குத் தெரிஞ்ச பழைய சிப் ஒண்ணைப் போட்டுத்தான் ஏத்தணும். ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் முக்கால்வாசி மூடியிருக்கும், அதனால திங்கக்கிழமை ஆபீஸ் முடிச்சு ஓடினேன். ஒரு சர்வீஸ் கடையில இருபது வயசுப் பையன் ஒருத்தன், "விடுங்கண்ணா, வாரத்துக்கு ரெண்டு இதே மாதிரி வருது"ன்னு சொல்லிக்கிட்டே என் கூலரைக் கழட்டி, அவன் வெச்சிருந்த 3200ஜிங்குற பழைய ப்ராசஸரை உக்கார வெச்சான். எஃப்ஏடி32ல ஃபார்மட் பண்ண பென்டிரைவ், உள்ள பயாஸ் ஃபைல், ஆன் பண்ணதும் எஃப்6. அஞ்சாறு நிமிஷம். அந்த நேரத்துல கரென்ட் போகக் கூடாதேன்னு நான் மெயின் சுவிட்சையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் பழைய பேஸ்ட்டைத் துடைச்சுட்டு 5600ஜியைத் திரும்பப் போட்டு ஆன் பண்ணான், ஆஸ்ராக் லோகோ வந்துச்சு. அவன் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

விழுப்புரத்துல மாட்டுறது சுலபமாத்தான் முடிஞ்சுது. பழைய ஹார்ட் டிஸ்க் மூணரை இஞ்ச், இதுக்குள்ள போகாது, யுஎஸ்பி அடாப்டர் வெச்சு எல்லாத்தையும் காப்பி எடுத்தேன். முதல்ல ஃபான்ட் ஃபோல்டரைத்தான் எடுத்தேன், ஏன்னா அவளோட பத்து வருஷ வேலை யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல இருக்கு, அந்த ஃபான்ட் போச்சுன்னா பத்திரிகை எல்லாம் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். என் பழைய லேப்டாப்ல கிடந்த ரெண்டரை இஞ்ச் டிஸ்க்கை உள்ள மாட்டி அதுல ஒரு நகலும் வெச்சுட்டேன். பெட்டியோட அடாப்டரே 120 வாட்தான், அதனால கரென்ட் போனாலும் அவளோட சின்ன யுபிஎஸ் தாங்குது, முன்னாடி மாதிரி பதறிக்கிட்டு சேவ் பண்ண வேண்டியதில்ல.

அக்கா உக்காந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடிச்சா. விரல் நிக்கும்போது எழுத்தும் நின்னுச்சு. கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துட்டு என்னையே கொஞ்ச நேரம் பாத்தா, அப்புறம் "சாப்பிட்டியாடா"ன்னு கேட்டா.

போன வாரம் ஃபோன் பண்ணி, ஒரு ஸ்க்ரீன்ல கையெழுத்துப் பிரதி, இன்னொண்ணுல டைப்பிங்னு வெச்சுக்க முடியுமாடான்னு கேட்டா. எச்டிஎம்ஐ போர்ட் சும்மாத்தான் இருக்கு, தீபாவளிக்குப் போகும்போது செகண்ட்ஸ்ல ஒரு மானிட்டர் பாத்து எடுத்துட்டுப் போகணும்.