பிரஷ் கட்டர் வாங்கிய பிறகு

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் சுமார் 140 மரம். அப்பா இருந்தவரை வருடத்துக்கு இரண்டு உழவு ஓட்டிவிடுவார், களை பெரிதாகத் தெரியாது. சொட்டுநீர்க் குழாய் போட்ட பிறகு டிராக்டர் உள்ளே இறங்க வழியில்லை. ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்டில் புல் இடுப்பு உயரம் நிற்கும். விழுந்த தேங்காயைக் காலால் துழாவித்தான் தேட வேண்டும். அந்தக் காலுக்கடியில் வேறு என்ன படுத்திருக்குமோ என்ற பயம் தனி. களைக்கொல்லி அடிக்க மனசில்லை, ஆள் வைத்துச் செதுக்கினால் கூலி கட்டவில்லை. அப்படித்தான் மூன்று வருடத்துக்கு முன்னால், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற பெட்ரோல் மெஷினான பிரஷ் கட்டர் வாங்கினேன். எனக்கு வேலை கோவையில், சனி ஞாயிறு மட்டும்தான் விவசாயம்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, இன்ஜின் ஆயில் தனி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எடை குறைவு, விலை குறைவு என்று டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டேன். இன்றைக்கு வாங்கினால் கொஞ்சம் யோசிப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் வருடம் ஓரளவு நன்றாகவே வெட்டினேன். ஆனால் ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை. செப்டம்பரில் கடைசியாக வெட்டி முடித்து, டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போதே மோட்டார் ரூம் மூலையில் யூரியா மூட்டைமேல் சாய்த்துவிட்டுக் கோவைக்கு வண்டி ஏறிவிட்டேன். பொங்கலுக்கு வந்து எடுத்தால் கியர் பெட்டி முழுக்கத் துரு. கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போனதுதான் மிச்சம், இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். சின்ன வயசுப் பையன். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"ஏனுங்ணா, இது எப்ப ஊத்துன பெட்ரோலுங்க?"

"செப்டம்பர்ல."

அவன் ஒன்றும் சொல்லாமல் டேங்கிலிருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தான். ஐந்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே பச்சையாகப் பெட்ரோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர் மாதிரி ஒன்று.

இப்போது பங்க்குகளில் வருவது இ20. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. தினமும் ஓடுகிற பைக்கில் அது பெரிதாகத் தெரியாது. மழைக்காலம் முழுக்க மூலையில் கிடக்கிற மெஷினில் ஈரம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடுகிறது. நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் உறிஞ்சுகிற குழாய் கிடப்பதோ அடியில். அப்படியே ஸ்டார்ட் ஆகியிருந்தால் இன்னும் மோசம், ஆயில் இல்லாமல் பிஸ்டன் தேய்ந்து இறுகிப் போயிருக்கும். ஸ்டார்ட் ஆகாததே என் அதிர்ஷ்டம் என்றான். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் காட்டினான். நூல் நுழையாத ஓட்டைகளில் பிசின் மாதிரி மஞ்சளாக அடைத்திருந்தது. மூட்டையிலிருந்து கசிகிற உரம்தான் இரும்பைத் தின்றது என்பதையும் அவன்தான் சொன்னான்.

ஆக, முதல் பாடம் வெட்டுவதில் வரவில்லை, வைப்பதில் வந்தது. பின்னால் யோசித்தால் எனக்கு நடந்த எல்லாமே இந்த வகைதான். இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும்போது நானே ஜாக்கிரதையாக இருப்பேன். அது ஓய்ந்ததும் என் புத்தியும் சேர்ந்து ஓய்ந்துவிடும்.

எடுத்து வைக்கிற கதைக்கு முன்னால் வெட்டுகிற கதையைச் சொல்லிவிடுகிறேன், அதிலும் ஒன்றிரண்டு உண்டு.

என் மெஷினின் புத்தகத்தில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் என்று போட்டிருக்கிறது. சில மெஷினுக்கு 20 மில்லிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதை விட்டுவிட்டு உங்கள் புத்தகத்தைப் பாருங்கள். கேனில் முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு மொத்த ஆயில், நன்றாகக் குலுக்கி மீதிப் பெட்ரோல். ஒரு மாதத்துக்குமேல் கலவையை நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் வெட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கலப்பது.

ஸ்டார்ட் செய்யும்போது பலர் மெஷினைத் தொங்கவிட்டுக்கொண்டே கயிறு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். தரையில் படுக்கவைத்து, பிளேடு எதிலும் படாமல் பார்த்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் குமிழை ஆறேழு தடவை அமுக்கி, சோக்கை மூடி, கயிறை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் பிடி கொடுக்கும். அங்கிருந்துதான் வேகமாக இழுப்பது. ஒரு தடவை இருமினதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். திறக்காமலே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் உள்ளே ரொம்பி, பிளக்கைக் கழற்றித் துடைக்கிற வேலை வரும். முதல் மாதம் நான் பாதி நேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வெட்டு எப்போதும் வலமிருந்து இடம். மேலிருந்து பார்த்தால் என் மெஷினின் பிளேடு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது, அதனால் வெட்டிய புல் இடதுபுறமே, ஏற்கெனவே வெட்டிய பக்கமே விழும். பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணியிலிருந்து 2 மணி வரைக்குமான இடம் கெட்ட இடம். அங்கே ஒரு வேரோ கட்டையோ தட்டினால் மெஷின் மொத்தமாக வலதுபக்கம் எகிறும். முதல் தடவை எகிறியபோது தோள்வார் போட்டிருந்ததால்தான் கைவிட்டுப் போகவில்லை. அந்த வாரைச் சோம்பேறித்தனத்தில் போடாத நாளும் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கால்சட்டை, முகத்துக்கு வலை, அதற்குள்ளே கண்ணாடி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்புக் காலோடு வெட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். தென்னந்தோப்பில் இன்னொன்று, காதில் அடைப்பான் போட்டால் மேலே மட்டை கழன்று விழுகிற சத்தம் கேட்காது. அதனால் நான் ஹெல்மெட்டும் போட்டுக்கொள்கிறேன், மட்டை காய்ந்து தொங்குகிற மரத்தடியை முதலில் ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிடுகிறேன்.

பார்த்தீனியக் களையைப் பூக்கும் முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். பூத்த பிறகு வெட்டி அன்று இரவு முழுக்கத் தும்மினேன், கையெல்லாம் தடிப்பு.

மரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மெஷினைக் கொண்டுபோவதே இல்லை. கையால் பிடுங்குகிறேன். பிளேடுக்குப் பதிலாக மாட்டுகிற நைலான் கயிறுதானே, என்ன செய்துவிடும் என்று ஒரு வைகாசியில் இளமரங்களின் அடித்தண்டு வரை ஒட்டி வெட்டிவிட்டேன். தோப்பைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். தண்டில் வளையமாகக் காயம்.

"ஏந் தம்பி, நீங்களே செவப்பு வண்டுக்கு எல போட்டு வெச்சிருக்கீங்க."

சிவப்புக் கூன்வண்டு காயத்தைத் தேடிப்பிடித்துத்தான் முட்டை வைக்கும், அதுவும் இளமரம் என்றால் அதற்கு விருந்து. வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் அள்ளிக்கொண்டு அன்று முழுக்க மரம் மரமாகச் சுற்றினோம். நல்லவேளை எதுவும் விழவில்லை.

அதே அண்ணனுக்குத்தான் என்னால் அடியும் பட்டது. நைலான் கயிறு சுற்றுகிற தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும். ஈரப்புல் அதில் போய் அடைத்துக்கொள்கிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். நாலு பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் இருபது அடி தள்ளிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோலிக்குண்டு அளவு கல் ஒன்று கெண்டைக்காலில் போய் இறங்கியது. நெல்லிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கண்ணில் பட்டிருந்தால்? புத்தகத்தில் 50 அடிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதியிருப்பதை அன்று ராத்திரிதான் படித்தேன்.

மறைப்பைத் திரும்ப மாட்டினேன். மெஷின் சூடாகிறது, இழுக்கவில்லை என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தேனே, அதுவும் அன்றோடு நின்றது. மறைப்பின் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. நீளமாக வெளியே வருகிற நைலானை அதுதான் அளவாக நறுக்குகிறது. மறைப்பு இல்லாவிட்டால் கயிறு நீண்டுகொண்டே போய் இன்ஜினுக்குப் பாரம் ஏறும். நைலான் சீக்கிரம் தீருகிறதென்று கட்டுக்கம்பியைக் கோத்து ஓட்டுகிற வித்தையும் சில இடங்களில் பார்க்கிறேன். கம்பி ஒடிந்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து வேண்டாம்.

இப்போதெல்லாம் காலையில் முதல் வேலை ஒரு தடியோடு தோப்பைச் சுற்றுவது. கல், பாட்டில், பழைய சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, பன்னாடை எல்லாம் பொறுக்கி ஓரம் போடுவேன். பன்னாடை மெஷின் தண்டில் சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைப்பது. தடியால் தட்டிக்கொண்டே நடப்பதில், ஏதாவது படுத்திருந்தாலும் அதுவே நகர்ந்து போய்விடும்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம். சொட்டுநீர் விழுகிற இடங்களில் மட்டும் புல், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு டேங்க் தீர்ந்ததும் மெஷினைக் கழற்றி மரத்தடியில் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது கருகுகிற வாசம். யாரோ பக்கத்துத் தோட்டத்தில் ஓலை எரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டே வந்தால் சைலன்சருக்கு அடியில் பன்னாடை ஓரம் சிவந்து, நூல் நூலாகப் புகை. டேங்க் மூடி அதற்கு ஒரு சாண் தூரத்தில். பூட்ஸால் மிதித்து அணைத்து, மெஷினைத் தூக்கி மண் தரையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் நடுங்கியது. டேங்க் காலியாக இருந்ததால் தப்பித்தேன்.

அதன் பிறகு மெஷினுக்கென்று வெறும் மண்ணாக ஓரிடம் கொத்தி வைத்திருக்கிறேன். அங்கேதான் இறக்குவது, பத்து நிமிடம் ஆறவிட்டு அங்கேதான் ஊற்றுவது, ஊற்றிய இடத்திலிருந்து நாலு தப்படி தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்வது. அந்தப் பத்து நிமிடம் கைக்கும் நல்லது, விரல்களில் அதிர்வு இறங்க நேரம் வேண்டும்.

பெட்ரோலை வைக்கிற இடத்தையும் மாற்றினேன். மோட்டார் ரூமில் ஸ்டார்டர் 'டக்'கென்று விழும்போது பொறி பறக்கும், அதற்குக் கீழேயே கேனை வைத்திருந்திருக்கிறேன் ஒரு வருடம்! கூடவே மீந்த கலவையைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் வேறு. ஆயில் கலந்ததும் பார்க்கப் பச்சை நிறத்தில் சர்பத் போலவே இருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது நல்லவேளை அவள் பார்த்துவிட்டாள். இப்போது பெட்ரோலுக்கென்றே செய்த கேன், வெளியே தனி அலமாரி, பூட்டு.

சீசன் முடிந்து எடுத்து வைப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, குழாயிலும் கார்ப்பரேட்டரிலும் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். ஆறினதும் பிளக்கைக் கழற்றி உள்ளே நாலைந்து சொட்டு ஆயில், கயிறை இரண்டு தடவை மெதுவாக இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்டிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பது, இன்ஜின் இடுக்குகளில் ஒட்டிய புல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுப்பது, கியர் பெட்டிக்குக் கொஞ்சம் கிரீஸ், பிளேடைத் துடைத்து ஆயில் தடவி உறை. பிறகு வீட்டு ஓட்டுத் திண்ணையில், தரையிலிருந்து ஆளுயரத்தில் இரண்டு ஆணியில் படுக்கைவசமாக மாட்டிவிடுகிறேன். தரையில் வைத்த ஒரு தடவை எலி பெட்ரோல் குழாயைக் கடித்துவிட்டது. எலிக்கு அதில் என்ன ருசியோ!

டூ ஸ்ட்ரோக் வாங்கியதை மறு யோசனை செய்வேன் என்றேனே. போன வருடம் நான் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று மச்சான் ஆணியிலிருந்து மெஷினை இறக்கி, பைக்கிலிருந்து வெறும் பெட்ரோலைப் பிடித்து ஊற்றிவிட்டார். கயிறு இழுப்பதற்குள் அண்ணன் பார்த்து, "மாப்ள, அதுல எண்ணெ கலக்கோணுங்க" என்று தடுத்திருக்கிறார். இல்லையென்றால் கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் இறுகிப் போயிருக்கும்.

இப்போது கைப்பிடியில் ஒரு அட்டை கட்டித் தொங்குகிறது. "டேங்க் காலி. லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றவும்." மழைக்கு அழியாமலிருக்க மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். மச்சான் அதைப் படித்துவிட்டு, கீழே பேனாவால் "சரி" என்று எழுதி வைத்திருக்கிறார்.