ஹோல் கிடைக்காத படங்கள்

திருகோணமலையில் ஒலி, ஒளி வாடகைக்குக் கொடுக்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்தில் அது வெறும் மைக் செட் கடை. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தேர்தல் கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. கிணறு துப்பரவு செய்வதைப் பற்றிப் பேசினாலும் அவர்களுக்குச் சுவரில் ஒரு படம் விழ வேண்டும். அப்போதுதான் கடன்பட்டு முதல் புரொஜெக்டர் வாங்கினோம்.

அரசியல் ஆவணப்படம் போடுகிறவர்களால் எங்களுக்கு வரும் வருமானம் சொற்பம். ஒரு கலியாண வீட்டுக்காரர் ஒரே இரவில் கொடுப்பதை அவர்கள் ஒரு வருடத்தில் கொடுப்பார்களோ தெரியாது. ஆனால் கடைக்கு வருகிற போன் அழைப்புகளில் அரைவாசி அவர்களால்தான். முதலில் படம் போடுகிறவர் எடுப்பார். அப்புறம் ஹோல்காரர் எடுப்பார். பிறகு தான் யார் என்று சொல்லாத ஒருவர் எடுத்து, "தம்பி, சனிக்கிழமை உங்கட சாமான் எங்க போகுது?" என்பார்.

இலங்கையில் பொதுமக்களுக்குக் காட்டுகிற படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது, வெள்ளைக்காரன் காலத்தது. ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் நிலையத்தில் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் நான் அறிவேன், தொழிலே அதுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு படம் நிறுத்தப்பட்டபோது, 'இந்தச் சட்டத்தின்படி நிறுத்துகிறோம்' என்று எழுதிய ஒரு கடுதாசியையும் நான் கண்டதில்லை. ஹோலின் கூரை திருத்த வேண்டி வந்துவிடும். அல்லது அதே நேரத்துக்கு வேறொரு கூட்டம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது திடீரென்று ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை தண்ணீர் மோட்டர் எரிந்துவிட்டது என்றார்கள். படம் பார்க்க எதற்கு மோட்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் காவலாளி ஐயாதான் பாவம், அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொல்கிறார்.

பத்திரிகையில் 'சர்ச்சை' என்று வருவது வேறு உலகம். 2011 ஜூன் 14இல் பிரித்தானியாவின் சனல் 4, போரின் கடைசி மாதங்கள் பற்றிய 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தை ஒளிபரப்பியது. படத்தில் வந்த காட்சிகள் போலி என்றது அரசாங்கம். அதே ஆண்டு ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சே மறுப்புக்கு ஒரு படம் வெளியிட்டது. அங்கே படத்துக்குப் படம் மோதிக்கொண்டிருக்க, இங்கே திருகோணமலையில் அதை ஒரு திரையிலும் யாரும் போடவில்லை. போட்டுத் தரச் சொல்லி ஒருவரும் என்னிடம் வரவும் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் பார்த்தார்கள். ஊரில் அந்தப் படத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது, ஆனால் பார்த்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்தேன் என்றால் எங்கே, யாரோடு என்று அடுத்த கேள்வி வருமே. முன்பின் தெரியாத ஒரு ஆள் கடைக்கு வந்து, "அந்த வெள்ளைக்காரன்ட படம், சீடி இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்களிடம் சாமி பாட்டுச் சீடி மட்டும்தான் இருக்கிறது என்றேன். ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு படம் என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் காந்தி சிலைக்கருகே இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் படைத்தரப்பு சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போய் உடல்களைப் படமெடுத்த செய்தியாளர் சுகிர்தராஜனின் புகைப்படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தபோதுதான் அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று ஊர் கண்டது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் சந்தேக நபர்களான 13 பேரை 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. இந்த ஊரில் தொழில் செய்கிற ஒருவனுக்குக் கமெரா, திரை, வெளிச்சம் எல்லாம் வாடகைச் சாமான் மட்டும்தான் என்று சொல்ல வராது.

அதனால் கடைக்கென்று ஒரு விதி வைத்தேன். படம் உங்களுடைய லப்டொப்பில் இருக்க வேண்டும். என் பென்டிரைவில் ஒன்றும் ஏறாது. நான் தருவது திரை, வெளிச்சம், சத்தம். பில் புத்தகத்தில் 'கலந்துரையாடல்' என்று எழுதுவேன், உண்மையிலேயே பின்னால் ஒரு கலந்துரையாடல் நடக்கும். இந்த விதி என்னைக் காப்பாற்றும் என்று கொஞ்சக் காலம் நம்பியிருந்தேன். பிறகுதான் மலேசியக் கதை தெரியவந்தது. அதே சனல் 4 படத்தை இயக்கிய கெலம் மக்ரே எடுத்த 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். தணிக்கை இல்லாமல் காட்டியதாக லீனா ஹென்ட்ரி என்ற செயற்பாட்டாளர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, 2017இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 10,000 ரிங்கிட் தண்டம் கட்ட வேண்டி வந்தது. படத்தை எடுத்தவர் சுதந்திரமாகத் திரிகிறார், காட்டியவருக்குத் தண்டம். இந்தியாவிலும் 2014இல் அதே படத்துக்குச் சான்றிதழ் மறுத்தார்கள். படக்குழு அங்குள்ளவர்கள் இணையத்தில் இலவசமாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டது. இணையத்துக்கு ஹோல் தேவையில்லை, காவலாளியும் தேவையில்லை. என் தொழிலுக்கு அது நல்ல செய்தி இல்லை, ஆனாலும் கேட்டபோது சிரிப்பு வந்தது.

இவ்வளவும் சொன்னால் தடுப்பதெல்லாம் அரசாங்கம்தான் என்று வாசிக்கிறவர் நினைக்கக்கூடும். அப்படி எழுதிவிட்டுப் போவது எனக்கும் சுகம்தான்.

2017இல் ஜூட் ரட்ணம் என்ற தமிழ் இயக்குநரின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 1983 ஆடிக் கலவரத்தில் தொடங்கி, ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற காலத்துக்குள் போகிற படம். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவின் நிகழ்ச்சி நிரலில் அது இருந்தது. எதிர்ப்பு வந்தது, எடுத்துவிட்டார்கள். எதிர்த்தது கொழும்பு அல்ல, எங்கள் ஆட்கள். சிங்களவன் கையில் கொடுக்கிற கத்தி என்றார்கள் சிலர். போராட்டத்தின் காரணத்தை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் காட்டுகிறது என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது ஒரு விமர்சனம், அதைப் படத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்து வாதாடலாம். முதலாவது வெறும் பூட்டு.

அதற்குப் பிறகு ஒரு சமயம் இங்கே ஒரு சின்ன வாசகர் வட்டம் அந்தப் படத்தைப் பார்க்க நினைத்தது. என்னிடம் புரொஜெக்டர் கேட்டார்கள், சரி என்றேன். அன்று இரவே ஒரு அண்ணை போன் எடுத்தார். காணாமலாக்கப்பட்டோர் பற்றிய படங்களுக்கெல்லாம் எங்கள் சாமானை எடுத்து, ஹோல் மறுக்கப்பட்டபோதெல்லாம் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பொலிஸ்காரரோடு நேருக்கு நேர் நின்று கதைத்தவர். அவர் மேல் எனக்குள்ள மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. "தம்பி, அந்தப் படத்துக்கு நீ சாமான் குடுக்காத" என்றார். ஏன் அண்ணை என்றேன். "இப்ப அதுக்கு நேரமில்ல." பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்க்கத் தேவையில்ல. என்ன இருக்கும் எண்டு தெரியும்."

ஹோல்காரர்களிடம் நான் கேட்டுப் பழகிய வசனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். வித்தியாசம் உண்டு. ஹோல்காரர் பயத்தில் சொல்கிறார். அண்ணை காயத்தில் சொல்கிறார். அவருடைய தம்பி எந்த இயக்கத்தில் இருந்து எப்படிச் செத்தார் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் நிறுத்தப்படுகிற படத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. திரை இரண்டு விதத்திலும் சுருட்டியபடிதான் கிடக்கும்.

சாமான் கொடுத்தேன். ஹோல் தேடுவதில் அர்த்தம் இல்லை என்பதால் உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் திரையைக் கட்டினோம். வீட்டில் படம் போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முன்னால் பாயில் இருக்கிறவர்களின் தலை, கதிரையில் இருக்கிறவர்களுக்கு அடியில் ஓடும் எழுத்தை மறைக்கும். ஆவணப்படத்தில் எழுத்து போனால் எல்லாம் போச்சு. அதனால் திரையைக் கூரைக்குக் கிட்ட உயர்த்திவிடுவேன், எல்லோரும் கழுத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தெருவுக்குச் சத்தம் போகாமல் ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வைப்பேன். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருக்கிறவன் படத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அங்கிருந்து தெரிவது ஆட்களின் முகமும் பிடரியும்தான். எந்த இடத்தில் யார் எழும்பி வெளியே போய் சிகரட் பத்துகிறார், யார் தன் போனை எடுத்துப் பார்ப்பது போல நடிக்கிறார் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

அன்று படம் முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒரு பெரியவர், இயக்கங்கள் மோதிக்கொண்ட 1986இல் தன் ஆட்களை இழந்தவர், வாயைத் திறந்தார். அவர் எந்த இயக்கம் என்பது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் இருந்த இளைஞன் ஒருவன் விடவில்லை, "இதெல்லாம் ஆமிக்காரர் செய்ததுக்குச் சமமா ஐயா?" என்று பாய்ந்தான். "சமமெண்டு நான் சொன்னனானா? நடந்ததெண்டுதான் சொன்னனான்" என்றார் அவர். பிறகு நள்ளிரவு வரை சண்டை. அந்த இளைஞன் படத்தைக் கிழித்துப் போட்டான், இயக்குநர் எதை எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று நுணுக்கமாகச் சொன்னான். அவன் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகவே பட்டது. அண்ணை வந்திருந்தால் அவன் பக்கம்தான் நின்றிருப்பார், நல்லாகவும் பேசியிருப்பார். அவர் வராதது படத்துக்கு நட்டமில்லை, அந்த விவாதத்துக்குத்தான் நட்டம்.

2023 செப்டெம்பரில் சனல் 4 மறுபடியும் வந்தது, இந்த முறை உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய படத்தோடு. இஸ்லாமியத் தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்கவைத்த 2019 ஏப்ரல் 21 கிழக்கு மாகாணத்துக்குத் தூரத்துச் செய்தி இல்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் எங்களுக்கு அடுத்த மாவட்டம். படத்தில் பேசியவர், புலிகளிலிருந்து பிரிந்து வந்து கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்த பிள்ளையானின் கட்சிப் பேச்சாளராக இருந்த அசாத் மௌலானா. தாக்குதல்காரருக்கும் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் சந்திப்பு நடந்ததாக அவர் குற்றம்சாட்டினார். சலே மறுத்தார், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மறுத்தார், பிள்ளையானும் மறுத்தார். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் இமாம் தலைமையில் ஒரு குழுவை அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நியமித்தார்.

எங்கள் கடையில் அந்தக் கிழமை நடந்ததுதான் எனக்குப் பெரிய படம். கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் நானா, 2019க்குப் பிறகு தன் மகள் பஸ்ஸில் பட்ட அவமானங்களை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார். "எங்கட பேர்ல விழுந்த கறை இது, இத எல்லாரும் பார்க்கணும் தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர், "எங்கட படம் வந்த நேரம் நீங்க எங்க நிண்டனீங்கள்?" என்றார். 2011இல் 'வெள்ளைக்காரன்ட பொய்' என்று இதே சனலைத் திட்டியவர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் இப்போது அதை நம்பினார்கள். அன்று நம்பியவர்களில் சிலருக்கு இப்போது சந்தேகம். மௌலானாவே அந்தக் கும்பலோடு இருந்தவர்தானே என்றார்கள், அது நியாயமான கேள்வியும்தான். ஆனால் கேட்டவர்களில் பலர் பார்த்திருந்தது வாட்ஸ்அப்பில் வந்த நறுக்குகளை மட்டும். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் குறைவு.

இளைஞர் குழு ஒன்று மூன்று சமூகத்தாரையும் கூட்டி அதைக் காட்டிக் கதைக்க ஆசைப்பட்டது. முதல் ஹோலில் கூரை வேலை. இரண்டாவதில் பொறுப்பாளர் சுகமில்லை. மூன்றாவதாக ஒரு தனியார் வகுப்பறை கிடைத்தது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியும் பகல் வெளிச்சத்தில் படம் வெளிறித்தான் தெரிந்தது. ஆனாலும் வந்தார்கள். அடுத்தடுத்து இருந்து பார்த்தார்கள். நானாவும் அந்தத் தமிழரும் இடைவேளையில் பிளேன்டீயோடு தொடங்கிய வாக்குவாதத்தை, நான் வயர் சுருட்டி முடித்து வான் வண்டியில் ஏற்றும் வரை நிறுத்தவில்லை.

இந்த அலைச்சலுக்கெல்லாம் சேர்த்துக் கடையில் இப்போது ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறேன்: அரைவாசிக் காசு முற்பணம், எந்தக் காரணத்தால் நிகழ்ச்சி நின்றாலும் திருப்பித் தரப்படமாட்டாது. கலியாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அரை மணித்தியாலம் என்னோடு மல்லுக்கட்டுவார்கள். ஆவணப்படக்காரர்கள் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது ஹோலின் பெயரையும் கையோடு எழுதித் தருகிறார்கள்.