மாலை போட்ட அண்ணனும் ஆறு டம்ளர் காபியும்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் வந்து 11 வருஷம் ஆகிறது. என்னென்னவோ மாத்திரை மாற்றிப் பார்த்து, கடைசியில் க்ளோசபின்தான் அவனை எங்களிடம் திருப்பிக் கொடுத்தது. ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரு நோட்டு உண்டு. அந்த நோட்டில் ஏறாதது இரண்டுதான், அவனுடைய சிகரெட்டும் எங்கள் வீட்டுக் காபியும்.

இரண்டு வருஷம் முன்னால் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற ஆள், அன்றைக்கே விட்டுவிட்டான். எங்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல்.

பத்து நாள்கூட ஆகவில்லை, ஆள் தொய்ந்துவிட்டான். விடியற்காலைக் குளியலுக்கு எழுப்பினால் எழுந்திருக்க முடியவில்லை, தலையணை உறை எச்சிலில் ஊறிக் கிடக்கிறது, சரணம் சொல்ல ஆரம்பித்தால் நாக்கு குழறுகிறது, ஒருநாள் நிலைப்படி தடுக்கி விழப்போனான். விரதச் சாப்பாடு, அதான் அசதி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதே, "சாமி, இதைக் குடிங்க சாமி, தூக்கம் கலையும்" என்று அம்மா கள்ளிச்சொட்டு மாதிரி காபியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். இரண்டு டம்ளர் ஆறு டம்ளரானது. நானும் பாதி நாள் டவராவை நீட்டியிருக்கிறேன்.

டாக்டர் அண்ணனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட்டை நிறுத்திட்டீங்களா சாமி?" அடுத்தது அம்மாவிடம், "காபி எத்தனைம்மா குடுக்கிறீங்க?"

அப்புறம்தான் விளங்கியது. க்ளோசபினைச் செரித்து வெளியேற்றுகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது கல்லீரலில் இருக்கிற ஒரு நொதி, சிஒய்பி1ஏ2 என்று பேர். சிகரெட் புகை (நிகோடின் இல்லை, புகையில் இருக்கிற தார் வகையறா) அந்த நொதியை அதிகமாகச் சுரக்க வைக்கும். அண்ணனுக்கு டோஸ் முடிவானதே அவன் புகைத்துக்கொண்டிருந்த காலத்தில். புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் நொதி குறைந்துவிடுகிறது, மாத்திரை அதே அளவு, ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகிறது. இதில் காபி எங்கே வந்தது என்றால், காஃபீனும் அதே நொதியிடம்தான் போய் நிற்கிறது. ரேஷன் கடையில் ஒரே தராசு, அரிசிக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி வரிசை நீள நீள மாத்திரை வரிசை நகராது. தூக்கம் வருகிறதே என்று காபி கொடுத்தோம், காபி மருந்தை ஏற்றியது, ஏறின மருந்து இன்னும் தூக்கத்தைக் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார். அம்மா முகத்தை அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லை. இதே நோய்க்குத் தருகிற ஒலான்சபின் போடுகிறவர்களும் சிகரெட் விஷயத்தை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் ரிஸ்பெரிடோன் என்கிற இன்னொரு மாத்திரைக்கு இந்த நொதி வழியே இல்லை.

சரி, காபியையே ஒழித்துவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. காஃபீன் மூளையில் தூக்கத்தைக் கொண்டுவருகிற அடினோசினை மறிக்கிறது, அதனால் டோபமைன் என்கிற மூளை ரசாயனத்தின் வேகம் கூடுகிறது, அளவு மீறினால் சிலருக்குப் படபடப்பும் சந்தேகமும் காதில் கேட்கிற குரல்களும் கூடும், தூக்கமும் கெடும். எல்லாம் உண்மைதான். ஆனால் தினம் ஆறு டம்ளர் குடிக்கிறவரிடம் திடீரென்று பிடுங்கினால் தலைவலி, எரிச்சல், சிடுசிடுப்பு, பார்க்கிறவர்கள் நோய் திரும்பிவிட்டது என்றே நினைப்பார்கள். க்ளோசபின் போடுகிறவராக இருந்தால் ரத்தத்தில் மருந்தளவும் இறங்கிவிடும், அப்போது நிஜமாகவே திரும்பலாம். மாத்திரை தருகிற மந்தத்தைச் சமாளிக்கத்தான் பலர் குடிக்கிறார்கள் என்பதையும் காபிப் பொடி டப்பாவைப் பூட்டி வைக்கிற வீட்டார் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த வருஷம் டோஸைக் குறைத்தார்கள், காபி படிப்படியாக இரண்டு டம்ளருக்கு இறங்கியது, அண்ணன் மலைக்கும் போய்வந்தான். மாலையைக் கழற்றியதும் மறுபடி ஊத ஆரம்பித்தால் மருந்து சர்ரென்று இறங்கிவிடும், மறைக்காமல் சொல்லுங்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அண்ணன் சொன்னான். தை பிறந்த நாலாம் நாளே கடைக்குப் போய் வந்துவிட்டு, அவனாகவே அம்மாவின் நோட்டை எடுத்து எழுதினான்: "சிகரெட் 3. காபி 2." பக்கத்தில் சின்னதாக, "டிகாஷன் தண்ணி."